ராஜேஸ்வரி வீட்டுக் கம்ப்யூட்டரும் குப்புற ஓடிய சேலையும்

ராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. சத்தம் போடுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கத்திவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் அப்படி இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் தெருமுனை மாவுமில்காரர் ஆட்கள் முன்னால் இவளைக் "குருவிகுளத்துக் காட்டுக்காரி" என்று கேலி பேசிவிட்டார். அன்றிலிருந்து அந்த மில்லில் இவள் ஒரு பிடி மாவு அரைத்ததில்லை. மழையோ வெயிலோ, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்த்தான் அரைத்து வருவாள். அந்த மனுஷன் செத்து, இப்போது மகன் மில்லை நடத்துகிறான். அவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டேன்.

"மில்லு அதே மில்லுதான அண்ணாச்சி" என்றாள்.

இந்த ஒரு பேச்சைத் தெரிந்துகொண்டால் போதும். மீதிக் கதை விளங்கிவிடும்.

எனக்குச் சங்கரன்கோவிலில் ஒரு தறி செட்டு, தறிகள் ஓடுகிற கொட்டகை, உண்டு. பருத்திச் சேலை ஓடுகிறது. சேலைக் கரைக்கு டிசைன் போட்டுத் தருகிறவள்தான் ராஜேஸ்வரி. முதலில் ஜக்கார்டு அட்டை குத்தும் கடையில் கூலிக்கு இருந்தாள். தறியின் மேலே பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதற்குள் ஓட்டை ஓட்டையாகக் குத்திய அட்டை மாலை போல ஓடும். எந்த இடத்தில் ஓட்டையோ அந்த நூல் தூக்கும், பூ விழும். அந்த ஓட்டைகளைக் குத்திக் குத்தியே பூ எப்படி விழுகிறது என்று இவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு கடையநல்லூர் முபஷ்ஷிரா இங்கே கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் வகுப்பு எடுத்தாள். அதில் சேர்ந்து படித்தாள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற புருஷன் சங்கரபாண்டி அதற்கு ஆயுத பூஜையன்று கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசுவது போலப் பூசி வைத்தான். பாம்பு, தேள் அண்டாமல் இருக்க எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான். கம்ப்யூட்டருக்குள் வேறு மாதிரி ஜந்து நுழையும் என்பது அவனுக்கு எங்கே தெரியும்?

நுழைகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவன் கோகுல். அதே தெருதான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சின்ன வயதில் அவன் அம்மா தறிக்குப் போனால் ராஜேஸ்வரி வீட்டில்தான் சோறு தின்பான். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

"அக்கா, தெருப்பூரா பென்டிரைவு சுத்துது. ஒருத்தன் தறியில இருந்து இன்னொருத்தன் வீட்டுக்கு, அங்கன இருந்து உன் கம்ப்யூட்டருக்கு. வைரஸ் வராம என்ன செய்யும்? நல்ல ஆண்டிவைரஸ் ஒண்ணு போட்டுத்தாரேன். கம்பெனிச் சரக்கு. உனக்குன்னா சும்மா."

சும்மா என்றதும் சங்கரபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டான். போடும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. கம்ப்யூட்டரோடு ஏற்கனவே வந்த பாதுகாப்பை நிறுத்திவிடவா என்று கேட்டது.

"நிறுத்திரு அக்கா. அது சும்மா பேருக்கு இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடும்" என்று சொல்லி அவனே நிறுத்தினான்.

அந்த ஆண்டிவைரஸ் நல்லாக் குரைத்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சிவப்பாக ஒரு கட்டம் வந்து, இத்தனை வைரஸைப் பிடித்துவிட்டேன் என்று கணக்குச் சொல்லும். சாயங்காலம் இன்னொரு கணக்கு. சங்கரபாண்டி டீக்கடையில் போய்ப் பெருமை பேசினான். "எங்க வீட்டு ஆண்டிவைரஸ் மாதிரி கெடையாதுடே. இன்னைக்கு மட்டும் எத்தனை பிடிச்சிருக்கு தெரியுமா?" அதைக் கேட்டு எங்கள் தெருவில் பல பேர் கோகுலிடமே போட்டுக்கொண்டார்கள். குரைக்கிற நாயைத்தான் நாங்கள் நல்ல நாய் என்போம். அந்தப் புத்தி.

எங்கள் தெருவில் எழுதி வைக்காத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஒவ்வொருவரும் புதுக் கரை இறக்குவோம். தபசு முடிகிற வரைக்கும் ஒருத்தன் கரையை இன்னொருத்தன் தறியில் ஏற்றக்கூடாது. தபசு முடிந்த மறுநாள் யார் வேண்டுமானாலும் காப்பியடித்துக் கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டோம். டிசைன் போடுகிற ஆளுக்கும் இது பொருந்தும். ஒருத்தருக்குப் போட்ட கரையை இன்னொருத்தருக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அந்த ஆளுக்கு அப்புறம் இந்தத் தெருவில் வேலை இல்லை.

போன வருஷம் தபசுக்கு ராஜேஸ்வரி எனக்கு ஒரு பிச்சிக்கொடி கரை போட்டுத் தந்தாள். நம் ஊர் மார்க்கெட்டில் காலையில் கொட்டிக் கிடக்குமே, அந்தப் பிச்சிப்பூ. மொட்டு, பாதி விரிந்தது, முழுசாக விரிந்தது என்று கொடி போகப் போகப் பூ மலர்ந்துகொண்டே போகும். தறியில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு நானே இன்னொரு முழம் ஓட்டச் சொன்னேன்.

என் சேலை மடிப்புக்குப் போவதற்குள் அதே கரை ரத வீதியில் மகாராஜன் ஜவுளிக்கடை வாசலில் தொங்கியது. மகாராஜனுக்குச் சொந்தத் தறிகள் ராயகிரிப் பக்கம். அவர் எங்கள் தெரு ஆள் இல்லை, கட்டுப்பாடும் அவருக்குக் கிடையாது. கேட்டதற்கு, "டிசைன் வித்தாங்க, வாங்கினேன். யாரு, எவருன்னு உமக்கு எதுக்குவே?" என்றார். அந்த வருஷமே துரைப்பாண்டி செட்டுக்கு அவள் போட்ட மயில் கரையும் அங்கே தொங்கியது.

தெரு கொதித்தது. துரைப்பாண்டி எங்கள் தறிக்காரர் சங்கத்துக்குத் தலைவர், வாய் பெரிசு. எல்லாரும் ராஜேஸ்வரி வீட்டு முன்னால் கூடினார்கள்.

"ரெண்டு கரையும் உன் கம்ப்யூட்டர்ல இருந்துதான போயிருக்கு? சொல்லு தாயி."

"நான் கொடுக்கல."

"பிறகு கரைக்குக் கால் முளைச்சி நடந்து போச்சாக்கும்?"

அப்போது கோகுல் வந்தான். எல்லாரும் அவனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் யாராவது நுழைந்து திருடியிருக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள். அவன் உட்கார்ந்தான். எதையோ தட்டினான். ஆண்டிவைரஸ் ஓடியது. பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. திரையைத் தெருப்பக்கம் திருப்பி எல்லாருக்கும் காட்டினான்.

"பாத்துக்கிடுங்க. சுத்தம். நான் போட்ட ஆண்டிவைரஸ் இருக்கையில ஒரு ஈ உள்ள நுழையாது. ஃபைலு வெளிய போயிருக்குன்னா, இந்த வீட்டு ஆளு கையாலதான் போயிருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, கஷ்டம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

ராஜேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சங்கரபாண்டி மட்டும் சும்மா இருந்திருக்கலாம். எல்லார் முன்னாலும், "ஏட்டி, கொடுத்தியா?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு அவனுக்கு வீட்டில் மீன்குழம்பு நின்றது. சோறு உண்டு, ரசம் உண்டு. மீன்குழம்பு கிடையாது.

ஒரே நாளில் வேலை போயிற்று. தெருவில் ஒருவரும் டிசைன் கேட்டு வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் குடங்கள் விலகி நின்றன. ராஜேஸ்வரி பீடி சுற்றும் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பூ வரைந்த விரல் இலை வெட்டியது. அவளுக்கு வருமானம் போனது பெரிசில்லை. அவளுடைய பேர் போயிற்று. இரண்டு பேருக்கு விற்றவள் என்று ஒரு சொல் தெருவில் கிடந்தது. அதை யாராவது எடுத்து வெளியே போடாமல் அவளுக்குத் தூக்கம் இல்லை.

நான் அவளைச் சந்தேகப்படவில்லை. மாவுமில்லுக்கே திரும்பிப் போகாதவள், சொன்ன சொல்லைத் தாண்டுவாளா? அதைத் தெருவில் சொன்னேன். "உமக்கு டிசைன் போட அவ வேணும், அதான் பேசுதீரு" என்று துரைப்பாண்டி என் வாயை அடைத்துவிட்டார்.

முபஷ்ஷிரா விஷயம் கேள்விப்பட்டு கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நானும் அங்கே இருந்தேன். திரையைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"அக்கா, இந்த ஆண்டிவைரஸ் யாரு பேருல வாங்கினது? பில்லு எங்க?"

"பில்லு ஏது? கோகுலு சும்மா போட்டான்."

"கம்பெனி வெப்சைட்ல இருந்து எறக்கினானா, பென்டிரைவுல கொண்டு வந்தானா?"

"பென்டிரைவு."

"உள்ள இருந்த காவலை நிறுத்தச் சொன்னானா?"

"ஆமா."

முபஷ்ஷிரா நெற்றியில் கை வைத்தாள். "அல்லா! அக்கா, வீட்டுக்குக் காவலுக்கு வாரவன், ஏற்கனவே நிக்கிற காவக்காரனைக் கட்டிப்போடு, அப்பத்தான் உள்ள வருவேன்னு சொன்னா, அவனை வாசல்படி ஏற விடுவியா?"

ராஜேஸ்வரி நிமிராமல் பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தாள்.

முபஷ்ஷிரா தன்னிடமிருந்த ஒரு நல்ல சோதனைப் புரோகிராமைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். வெகுநேரம் ஓடியது. சிவப்புக் கட்டம், சத்தம், எதுவும் இல்லை. கடைசியில் நாலே வரி காட்டியது. அவள் எங்களுக்கு விளங்கும்படி சொன்னாள். அந்த ஆண்டிவைரஸ் பூட்டு உடைத்த திருட்டுக் காப்பி. அதற்குள்ளேயே ஒரு சாமான் ஒளிந்திருக்கிறது. கோகுல் தன் கடையில் உட்கார்ந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம், பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகலாம். அந்தச் சாமானை மட்டும் கண்டுகொள்ளாதே என்று ஆண்டிவைரஸுக்கே சொல்லி வைத்திருக்கிறான். காலையும் மாலையும் காட்டிய கணக்கெல்லாம் சும்மா எழுதி வைத்த பொய்.

"பிறகு எப்படித்தான் நல்லதைக் கண்டுபிடிக்கது?" என்று நான் கேட்டேன். என் வீட்டிலும் பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதிலும் கோகுல் கைவரிசைதான்.

"அண்ணாச்சி, சத்தம் போடுறதை நம்பாதீய. பயங்காட்டுறதை நம்பாதீய. விண்டோஸோட வாரதே ஒழுங்கா வேலை செய்யும், அதை நிறுத்தாம, அப்டேட் மட்டும் தவறாம வாங்கிக்கிட்டா வீட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும். இல்ல, தனியா வாங்கணுமா? செஞ்ச கம்பெனி யாருன்னு தெரியணும். வெளியாளு யாராவது அதைச் சோதிச்சு மார்க்கு போட்டிருக்கணும். அந்தக் கம்பெனி எடத்துல இருந்தே, உங்க பேருல, பில்லோட வாங்கணும். கடைக்காரன் பென்டிரைவுல இருந்து இல்ல. ரெண்டை ஒண்ணா ஓட்டக்கூடாது. அப்புறம் முக்கியமான ஃபைலை வேற ஒரு டிஸ்க்ல எடுத்து, வயரைப் பிடுங்கி, பீரோவுல வச்சிரணும். எந்தக் காவக்காரனும் ஒரு நாள் கண் அசருவான்."

பிறகு ராஜேஸ்வரியைப் பார்த்து, "இப்பவே இதைத் தொடச்சு எறியட்டா?" என்றாள்.

கத்தரி நின்றது.

"எறியாத" என்றாள் ராஜேஸ்வரி.

"என்ன சொல்லுத?"

"அவன் உள்ள வந்து போற வாசலு அது. அடைச்சிட்டா அவன் எப்படி வருவான்?"

முபஷ்ஷிராவுக்கு இது பிடிக்கவில்லை. நெட்டைத் துண்டித்து, அத்தாட்சியை எடுத்து வைத்து, சைபர் கிரைமில் புகார் கொடுப்பதுதான் முறை என்று எவ்வளவோ சொன்னாள்.

"புகார் கொடுப்பேன் தாயி, கொடுக்காம விடமாட்டேன். ஆனா புகார் கொடுத்தா அவன் பேரு கெடும். எம்பேரு திரும்பி வருமா? துரைப்பாண்டி அண்ணாச்சியே, ராஜேஸ்வரி போலீஸ்ல பேசி முடிச்சிட்டான்னு சொல்லுவாரு. அவன் தெருவைக் கூட்டித் திரையைத் திருப்பிக் காட்டுனாம்லா? நானும் தெருவைக் கூட்டித்தான் காட்டணும்."

கடைசியில் முபஷ்ஷிரா சில நிபந்தனை போட்டாள். பாஸ்வேர்டெல்லாம் போனிலிருந்து மாற்ற வேண்டும். பேங்க் சம்பந்தமாக அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் திறக்கக்கூடாது. கண்டுபிடித்ததற்கெல்லாம் ஒரு நகல் அவளிடம் இருக்கும். அடுத்த வருஷத் தபசு முடிந்த மறுநாள் புகார் கொடுத்தாக வேண்டும். உண்மையான வேலையைத் தன் பழைய லேப்டாப்பில் நெட் இல்லாமல் வரைந்துகொள்ளச் சொல்லி, அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது, "அக்காவைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு அண்ணாச்சி" என்றாள். எனக்குப் பயமாக இல்லை. நல்லா இருந்தது.

அதன்பிறகு ராஜேஸ்வரி மாதக்கணக்கில் ஒரு கரை வரைந்தாள். என்ன என்று சங்கரபாண்டிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் தானே குத்திய அட்டைகளோடு என் செட்டுக்கு வந்து, ஓரத்துத் தறி ஒன்றைக் கொஞ்ச நேரம் விடச் சொன்னாள். ஆட்கள் சாப்பிடப் போனபோது ஒரு முழம் ஓட்டினோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஜக்கார்டு தறியில் சேலை குப்புறத்தான் ஓடும். நல்ல முகம் அடியில், புறமுகம் மேலே. நெய்கிறவன் கண்ணுக்குத் தெரிவது புறம்தான். அறுத்து இறக்கித் திருப்பினால்தான் பூ தெரியும். அதனால் புதுக் கரை என்றால் முதல் முழத்தை அறுத்து, திருப்பி, தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவோம்.

அறுத்துத் திருப்பினேன். பிச்சிக்கொடிதான். போன வருஷத்தைவிட நெளிவு கூடுதல்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல என்ன?"

"தூரப் போயி நின்னு பாருங்க."

செட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினேன். கொடியைக் காணோம். கரை நெடுக எழுத்து ஓடியது.

கோகுல் திருடினான் மகாராஜன் வாங்கினான் கோகுல் திருடினான் மகாராஜன் வாங்கினான்.

நான் சிரித்த சிரிப்பில் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். துணியைச் சுருட்டிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர்ல பாத்தா அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"திரையில ஒரு துண்டுதான் பெரிசாத் தெரியும். எழுத்தைத் துண்டுக்குத் துண்டு பாதியா வெட்டிப் போட்டிருக்கேன். அதுவும் நீட்டுவாக்குல இழுத்து வச்சிருக்கேன். குறுக்க ஓடுற ஊடை நூலை அடிச்சு நெருக்கினாத்தான் சுருங்கி எழுத்தாகும். அவனுக்குக் கம்ப்யூட்டரு தெரியும். துணி தெரியாது."

"மகாராஜனுக்குத் துணி தெரியுமே?"

"தெரியும். ஆனா நமக்கு முன்னால இறக்கணும்னு அவசரமும் இருக்கும்லா. அவசரக்காரன் திருப்பிப் பாக்க மாட்டான்."

அப்புறம் தூண்டில் போட்டாள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கோகுலைக் கூப்பிட்டாள். நான் டிசைன் வாங்க வந்த மாதிரி அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"வாடே கோகுலு. இரு, காப்பி குடி. பெண்டாட்டி நல்லா இருக்காளா?"

"இருக்கா அக்கா. நீ எங்கிட்டப் பேசுவியோ மாட்டியோன்னு நினைச்சேன்."

"உன்மேல என்னடே தப்பு? திரை காட்டினதைத்தான நீ சொன்ன."

அவன் முகம் பூவாக மலர்ந்தது. வெட்கம் கெட்ட பயல், முறுக்கு கேட்டு வாங்கித் தின்றான்.

"அண்ணாச்சி ஒருத்தருதான் என்னை நம்பி இந்தத் தபசுக்கும் ஒரு கரை கேட்டிருக்காரு. முடிச்சிட்டேன். அடுத்த வாரம் அட்டை குத்தணும். இந்தத் தடவையாவது வெளிய போகாம நல்லாப் பூட்டிக் கொடுத்துருடே."

"எங்கிட்ட விட்டுட்டல்லா அக்கா, இனிமே ஒரு எறும்பு நுழையாது."

அவன் போன பிறகு ராஜேஸ்வரி அவன் குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள். நல்ல எவர்சில்வர் தம்ளர்.

நான் வேண்டுமென்றே என் தறியில் புதுக் கரைக்கான பாவு நூலைப் பிணைப்பதைத் தள்ளிப்போட்டேன். மகாராஜன் தள்ளிப்போடவில்லை. ராயகிரிப் பக்கம் அவர் செட்டில் ராப்பகலாக ஓடுகிறது என்று நூல் கடையில் பேச்சு வந்தது. விஷயம் வெளியே கசிந்துவிடும் என்று மாதிரிகூட எடுக்காமல் நேரே ஓட்டுகிறாராம். குப்புற நெய்து, குப்புறவே சுருட்டி, மடிப்புக்கு அனுப்பினார்கள். மடித்த சேலையில் கரை ஒரு சாண்தான் தெரியும். ஒரு சாணில் கொடிதான் தெரியும்.

ஆடித் தபசன்று சங்கரன்கோவில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுற்றுப்பட்டி முழுக்க இங்கேதான் நிற்கும். மகாராஜன் கடை மாடியிலிருந்து வாசல் வரைக்கும் புதுச் சேலைகளை விரித்துத் தொங்கவிட்டிருந்தார். கரை நெடுநீளத்துக்கு ஓடியது. நாங்கள் எதிர்வரிசையில் நின்றோம். நான், ராஜேஸ்வரி, சங்கரபாண்டி, முபஷ்ஷிரா. துரைப்பாண்டியையும் சங்கத்து ஆட்களையும் நான்தான் மோர் குடிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"மறுபடியும் பிச்சிக்கொடியா? ஏம்வே, இதுவும் உமக்குப் போட்ட கரைதானா? நான் அப்பவே சொன்னம்லா?" என்று துரைப்பாண்டி ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சத்தமா வாசிங்க" என்றாள் ராஜேஸ்வரி.

"சேலையில வாசிக்க என்னட்டி இருக்கு?" என்றவர் கண்ணைச் சுருக்கினார். "கோ... கோகுல்... ஏலே, என்னலே இது! கோகுல் திருடினான்... மகாராஜன்..."

சங்கத் தலைவருக்கு வாய் பெரிசு என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அது பயன்பட்டது. அவர் வாசித்தது கூட்டத்தில் பரவி, ஜனம் நின்று நின்று வாசிக்க ஆரம்பித்தது. கடைக்குள்ளே நின்றவர்களுக்குக் கொடியாகத் தெரிந்தது, எதிர்வரிசைக்கு எழுத்தாகத் தெரிந்தது. என்ன சிரிக்கிறார்கள் என்று மகாராஜன் இறங்கி வந்தார். நடுத்தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க இன்னொரு வருஷம்கூடக் காத்திருக்கலாம். "இறக்குங்கலே! எல்லாத்தையும் இறக்குங்கலே!" என்று அவர் கத்த, வேலையாட்கள் ஒரு பக்கம் இழுக்க, சேலை மொத்தமும் கூட்டத்தின் தலையில் விழுந்தது.

"இந்தக் கரையை நான் யாருக்கும் கொடுக்கல. திருடினாத்தான் கிடைக்கும். திருடினவன் பேரும் அதுலயே இருக்கு" என்றாள் ராஜேஸ்வரி. அவ்வளவுதான் பேசினாள். முபஷ்ஷிரா மீதியைச் சங்கத்து ஆட்களுக்கு விளக்கினாள்.

அப்போதுதான் அது நடந்தது. கோகுல் பெண்டாட்டி கூட்டத்தில் வந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. மகாராஜன் கோகுலுக்கு ஒரு சேலை இனாமாகக் கொடுத்திருக்கிறார். அதைக் கட்டிக்கொண்டு வருகிறாள். இடுப்பைச் சுற்றி, மார்பைச் சுற்றி, தோளில் ஏறி முதுகில் இறங்கி, எங்கே பார்த்தாலும் புருஷன் பெயர். ஜனம் சிரிப்பதும் விலகுவதும் எதற்கென்று தெரியாமல் முடியில் பூ கலைந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

நான் ராஜேஸ்வரியைப் பார்த்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, பக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, இந்தச் சேலையைப் புறம் திருப்பிக் கட்டு."

"ஏன் அக்கா?"

"கேக்காத. கட்டு."

வெளியே வரும்போது கரையில் நூல்தான் தொங்கியது. எழுத்து உள்ளே போய்விட்டது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கோயில் பக்கம் போனாள். ராஜேஸ்வரி அவள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் என்னவோ போல இருந்தது. பிறகு முந்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு நேரே கோகுல் கடைக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

கோகுலுக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.

"அக்கா, நான் சொல்லுதேன், கேளு..."

"அக்கான்னு சொல்லாத."

"மகாராஜன்தான் அக்கா ஆசை காட்டினாரு..."

"எடுத்ததை நான் மன்னிச்சிருப்பேன்டே. பசிச்சா எங்கிட்டத்தான சோறு தின்ன, கேட்டிருந்தா ஒரு கரை சும்மாவே போட்டுத் தந்திருப்பேன். எடுத்துட்டு, எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து, எங்க வீட்டுத் திரையைத் தெருவுக்குத் திருப்பி, நான்தான் வித்தேன்னு சொன்னியே, அது ஆறாது. செத்தாலும் ஆறாது. நாளைக்குப் புகார் போகுது. இன்னைக்கு உனக்குத் திருவிழா. நல்லாச் சாமி கும்பிட்டுக்கோ."

மறுநாள் முபஷ்ஷிராவோடு போய்ப் புகார் கொடுத்தாள். வழக்கு நடக்கிறது. கோகுல் கடை பூட்டியிருக்கிறது.

துரைப்பாண்டியும் மற்றவர்களும் டிசைன் கேட்டு வந்தார்கள். ராஜேஸ்வரி யாரையும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. "போன வருஷம் எந்த இடத்துல நின்னு சொன்னியளோ, அங்கன நின்னு, அதே சத்தத்துல, ராஜேஸ்வரி விக்கலன்னு சொல்லுங்க. பிறகு டிசைன் பேசலாம்." தலைவர் மீசையைத் தடவினார், செருமினார். பிறகு தெருவில் நின்று சொன்னார். மெதுவாகச் சொன்னார் என்று அவரை இன்னொரு தடவை சொல்லவைத்தாள்.

கம்ப்யூட்டரை முபஷ்ஷிரா முழுசாகத் துடைத்துப் புதுசாக ஏற்றினாள். ராஜேஸ்வரியே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விசாரித்து, கம்பெனியின் சொந்த இடத்திலிருந்து, தன் பேரில், பில்லோடு ஒரு ஆண்டிவைரஸ் வாங்கினாள். அது பேசவே பேசாது. சங்கரபாண்டிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "ஒண்ணையும் பிடிக்கலியே இது" என்று தினமும் எட்டிப் பார்க்கிறான். அவனுக்கு மீன்குழம்பு இன்னும் வரவில்லை. கெஞ்சிப் பார்த்துவிட்டான். அவனையும் தெருவில் நின்று சொல்லச் சொல்லியிருக்கிறாளாம். வெட்கப்பட்டுக்கொண்டு ஆட்டோவில் சுற்றுகிறான்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது கோகுல் பெண்டாட்டி வந்தாள். கையில் அந்தச் சேலை, துவைத்து, புறம் வெளியே தெரிய மடித்திருந்தாள்.

"அக்கா, இதை எரிக்கவும் மனசில்ல, வீட்டுல வைக்கவும் முடியல" என்றாள்.

ராஜேஸ்வரி அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அவளுக்கு மட்டும் உள்ளே வழி உண்டு. சேலையை வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு அதை வெட்டி, ஓரம் தைத்து, கம்ப்யூட்டருக்கு உறை போட்டாள். நல்ல முகம் வெளியே.

இப்போது யாராவது பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்துகிறாள். அங்கே நின்றால்தான் எழுத்து சரியாகத் தெரியும்.

"முதல்ல அதை வாசி. வாசிச்சிட்டு உள்ள வா" என்கிறாள்.